ஒற்றை வீட்டுத் தெரு

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரானாலும் சரி, தரை துடைப்பவரானாலும் சரி, எல்லோருக்கும் அவள் "அட்ரஸ் அக்கா". வளாகத்தில் புதிதாக எந்தக் கருவி வந்து நெட்வொர்க்கில் சேர்ந்தாலும் அதற்கு முகவரி கொடுப்பது அவள் வேலை. முகவரி கிடைக்காத கருவி, என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், மூலையில் கிடக்கும் தகர டப்பாதான். வாங்கிய அன்று அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் மறுநாள் அடித்தளத்தில் இருக்கும் அவள் அறைக்கு இறங்கி வந்து, "அக்கா, கொஞ்சம் பாத்து விடுங்க" என்று குழைவார்கள். அவளும் உடனே செய்துவிட மாட்டாள். இரண்டு கேள்வி கேட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, கொஞ்சம் காக்க வைத்துத்தான் செய்வாள். மனுஷிக்கு அப்படி ஒரு அற்ப சந்தோஷம்.

போனில் கேட்டால் செய்யமாட்டாள் என்பது இன்னொரு சட்டம். கருவியைக் கையோடு கொண்டுவர வேண்டும். கொண்டுவர முடியாத அளவு பெரிதாக இருந்தால் கருவிக்குப் பொறுப்பானவர் நேரில் வர வேண்டும். "முகத்தப் பாக்காம நான் யாருக்கும் வீடு குடுக்கிறதில்ல" என்பாள்.

வீடு என்று அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. ஒவ்வொரு கருவியிலும் தொழிற்சாலையிலேயே ஒரு எண்ணைப் பதித்துத்தான் அனுப்புகிறார்கள். அதன் முன்பாதி, செய்த கம்பெனி எது என்று சொல்லும். பின்பாதி அந்தக் கருவிக்கு மட்டுமே உரியது. அக்கா பார்ப்பது முன்பாதியை. இந்தக் கம்பெனியா, பிரிண்டர் செய்கிறவன், பிரிண்டர் தெருவுக்குப் போ. இந்தக் கம்பெனியா, கேமராக்காரன், கேமரா தெருவுக்குப் போ. படுக்கையோரம் நாடித்துடிப்பு காட்டும் மானிட்டர்களுக்கு ஒரு தெரு, கதவுப் பூட்டுகளுக்கு ஒரு தெரு. ஒரு கம்பெனிக்கு அவள் ஒருமுறை சர்வரில் விதியை எழுதிவிட்டால் போதும், அதே கம்பெனியிலிருந்து அதன்பின் வருகிறவற்றைச் சர்வரே முன்பாதியைப் பார்த்து அந்தந்தத் தெருவில் காலியாக இருக்கும் வீட்டில் குடிவைத்துவிடும். போன்கள்தான் தொல்லை. இப்போது வருகிற போன்கள் உண்மை எண்ணை மறைத்து, இடத்துக்கொரு பொய் எண் சொல்லிக்கொண்டு திரிகின்றன. அவற்றையெல்லாம் மொத்தமாக விருந்தாளித் தெருவில் தள்ளிவிட்டு, "பொய் சொல்றவங்களுக்கு இது போதும்" என்று விட்டுவிடுவாள்.

இத்தனை தெருக்களுக்கு நடுவே ஒரே ஒரு வீடு மட்டும் உள்ள தெரு ஒன்றும் இருந்தது. அது அவளுடைய தங்கையின் லேப்டாப்புக்கு.

சின்னவள் ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சேர்ந்தபோது அக்கா வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. வாங்கிய ராசியோ என்னவோ, கொஞ்ச நாளிலேயே அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். "நீ கை வச்ச நேரம் கம்பெனியே காலி" என்று சின்னவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் லேப்டாப்பை அவள் விடவில்லை. படிப்பு முடிந்து இதே ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டிடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதையே பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வளாகம் முழுக்கத் தேடினாலும் அந்த முன்பாதி உள்ள கருவி வேறு கிடையாது. எந்தத் தெருவோடும் ஒட்டாததால் அக்கா தனித் தெருவே போட்டு, அதில் ஒரே ஒரு முகவரியை வைத்தாள். "உனக்கு மட்டும் தனி பங்களா டி, அனுபவி" என்றாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பேச்சு நின்றது அம்மா போனபோது. ஒரு மத்தியானம் அம்மா வீட்டில் வழுக்கி விழுந்தாள். சின்னவளுக்கு அன்று விடுமுறை. வீட்டில் இருந்திருக்க வேண்டியவள், சிநேகிதி கூப்பிட்டாளென்று கடைக்குப் போயிருந்தாள். இதே ஆஸ்பத்திரியில் சேர்த்து, எல்லா வைத்தியமும் பார்த்து, ஒன்றும் பலிக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் வந்து கைவிரித்த அடுத்த நிமிஷம், நாலு பேர் நின்றுகொண்டிருக்க, அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நீ வீட்ல இருந்திருந்தா அம்மா இப்ப இருந்திருப்பா."

துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் மனசில் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்ட ஆறுதலும் அந்தக் குரலில் இருந்தது. சின்னவளைச் சுட்டது அதுதான். எல்லாம் முடிந்ததும் துணிமணிகளை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். அக்கா போன் செய்தாள், எடுக்கவில்லை. சின்னவள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று தெரிந்ததும் அக்கா ஒருநாள் பின்பக்கக் கட்டிடத்துக்கே போய்ப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சின்னவள் இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதோடு அக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வளர்த்தவளையே யாரோ எவரோ போலப் பார்க்கிறாளா, பார்க்கட்டும்.

ரோஷம் வாயில்தான். கண் என்னவோ திரையிலேயே கிடந்தது.

சின்னவள் லீவில் இருந்த நாட்களில் அந்த ஒற்றை வீட்டின் வரி திரையில் சாம்பல் நிறமாகக் கிடந்தது. கொஞ்ச நாள் யாரும் வராவிட்டால் சர்வர் அந்த முகவரியைக் காலி என்று விட்டுவிடும். பிறகு ஒரு காலை, அக்கா டீயோடு உட்கார்ந்து திரையைப் பார்க்கிறாள், வரி பச்சையாக இருக்கிறது. "வந்துட்டா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அறையில் யாருமில்லாதது நல்லதாகப் போயிற்று.

அன்றிலிருந்து அவள் பிழைப்பே அந்தப் பச்சையில்தான் ஓடியது. காலையில் வந்ததும் முதலில் அந்த வரி. பச்சையாக இருந்தால் தங்கை வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். பச்சை வரக் கொஞ்சம் தாமதமானால் பஸ் கிடைக்கவில்லையோ, காய்ச்சலோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அது பச்சையாக இருந்தது. ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைக்கிறாள், பாவம், உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அக்கா அங்கலாய்த்தாள். சில நாள் ராத்திரி முழுக்கப் பச்சை. நைட் டியூட்டி போட்டுக் கொல்கிறார்கள் என்று ஸ்கேன் பிரிவுத் தலைமை டாக்டரை மனசுக்குள் திட்டினாள். அவர் பிரிண்டருக்கு முகவரி கேட்டு வந்தபோது வழக்கத்தைவிட அதிகமாகக் காக்க வைத்து அனுப்பினாள். அவருக்குக் கடைசிவரை காரணம் விளங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அவளைக் கெடுத்ததே அந்தப் பச்சைதான். தவிப்பு முற்றியிருந்தால் ரோஷத்தை உதறிவிட்டு மறுபடி போன் செய்திருப்பாள், விடுதி வாசலில் போய் நின்றிருப்பாள். பச்சை அவளுக்குத் தினமும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத் தாகத்தைத் தள்ளிப்போட்டது. இன்றைக்குத்தான் பார்த்தாயிற்றே, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று.

ஒருநாள் மேலாளர் இறங்கி வந்தார். நாற்காலியில் கேபிள் சுருள்கள் கிடந்ததால் நின்றபடியே பேசினார்.

"மூடிப்போன கம்பெனிங்களோட மெஷின் எல்லாம் இனிமே நம்ம நெட்வொர்க்ல இருக்கக் கூடாதாம். அப்டேட் வராது, எவனாவது உள்ள புகுந்துடுவான்னு மேல பயப்படுறாங்க. அந்த மாதிரி முன்பாதி எது இருந்தாலும் தூக்கிடுங்க."

"அதுல எத்தன பேரு வேல செஞ்சிட்டிருக்காங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள் அக்கா சுருக்கென்று.

"உங்களுக்குத் தெரியாததா? வேணும்னு கேக்கிறவங்களுக்குப் புது மெஷின் குடுத்துடலாம். உங்ககிட்ட வரட்டும், பேசிக்கலாம்."

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அறையிலேயே நின்றது. உங்ககிட்ட வரட்டும்.

அக்கா நெடுநேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவை அழித்துவிட்டால் சின்னவளின் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது. முகவரி கிடைக்காவிட்டால் வந்துதான் ஆக வேண்டும். கருவியைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம், தங்கைக்கும் அதேதான். அந்த வாசலில் வந்து நிற்பாள். "நெட் வரல" என்பாள், அதுவும் எங்கோ பார்த்துக்கொண்டு. பரவாயில்லை. அந்த இரண்டு வார்த்தை போதும், மிச்சத்தை அக்கா பார்த்துக்கொள்வாள். அன்றைக்கு வாசலில் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுவாள். அழுதாலும் அழுவாள். அழுதால் என்ன குடி முழுகிப்போய்விடும்?

தங்கையைக் கஷ்டப்படுத்தி வரவழைக்கிறோமே என்று ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. உத்தரவு மேலேயிருந்து வந்தது, நான் என்ன செய்ய என்று அதன் வாயை அடைத்தாள்.

மறுநாள் காலை சீக்கிரமே வந்து அந்தத் தெருவை அழித்தாள். பிறகு நாற்காலியிலிருந்த கேபிள்களை எடுத்து அலமாரியில் அடைத்துவிட்டு, ஈரத்துணியால் நாற்காலியைத் துடைத்தாள். ஃபிளாஸ்கில் இரண்டு பேருக்கு டீ வாங்கி வைத்தாள். கதவுக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

நடைபாதையில் காலடி கேட்கும்போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தாள். ஒருவர் பிரிண்டர் மை எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போனார். ஒருவர் கழிவறைக்கு வழி கேட்டார். இருவருக்கும் வள்ளென்று விழுந்தாள். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தபோது பின்பக்க வழியிலிருந்து சக்கரச் சத்தம் கேட்டது. லேப்டாப்பை யாரும் சக்கரத்தில் வைத்துத் தள்ளிவர மாட்டார்கள் என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டாள்.

வார்டு உதவியாளர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஒரு எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நோயாளிகள் ஏறி நிற்கிற மாதிரியான மெஷின், இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, மேலே சின்னத் திரை.

"அக்கா, காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது. எடை காட்டுது, ஆனா கம்ப்யூட்டருக்குப் போக மாட்டேங்குது. நேர்ல கொண்டாந்தாத்தான் பாப்பீங்கன்னு சொன்னாங்க. லிஃப்ட்ல ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"எந்தக் கட்டிடம்?"

"பின்பக்கம் அக்கா, ஸ்கேன் பிரிவு. மருந்து ஊசி போடறதுக்கு முன்னாடி எடை பாக்கணும்ல. ராத்திரி அவசரக் கேஸ் வந்தாலும் இதுதான்."

"இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாதே. எப்ப வாங்கினீங்க?"

"போன வருஷம். வைஃபை பாஸ்வேர்ட் போட்டோம், அதுவா சேந்துக்கிச்சு. சரி, எதுக்கு உங்களத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வேணும்னா ஏறி நில்லுங்க, வந்ததுக்கு உங்க எடையப் பாத்துட்டுப் போறேன்."

அக்கா சிரிக்கவில்லை. குனிந்து மெஷினின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மேலே இருந்த பெயர் அவள் கேள்விப்படாத ஏதோ கம்பெனி. கீழே எண். முன்பாதி அவளுக்கு மனப்பாடமான முன்பாதி. லேப்டாப் கம்பெனியை மூடியபோது மிச்சம் மீதியை எல்லாம், எண் வரிசை உட்பட, யாரோ வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் எடை மெஷின் செய்கிறார்கள். பின்பாதி வேறு.

எழுந்து போய்த் திரையில் நேற்றுவரை பச்சையாக இருந்த வரியின் பழைய பதிவை எடுத்தாள். அங்கே இருந்தது இந்தப் பின்பாதிதான். எத்தனை காலைகளில் அந்த வரியைப் பார்த்திருப்பாள்! கண் முன்பாதியோடு நின்றுவிடும். வளாகத்திலேயே ஒன்றுதானே இருக்கிறது, பின்பாதியைப் பார்க்க என்ன அவசியம்? உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று அவள் அங்கலாய்த்ததெல்லாம் இந்த இரும்புக்கு.

"என்ன அக்கா, ரிப்பேரா?" என்றார் உதவியாளர்.

"இல்ல. இருங்க, ரெண்டு நிமிஷம்" என்றாள். நோயாளிகள் காத்திருப்பார்கள். மருத்துவக் கருவிகளின் தெருவில் அதற்கு ஒரு வீடு கொடுத்தாள். கேள்வி இல்லை, பெருமூச்சு இல்லை. அவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்.

பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. அப்படியானால் சின்னவளின் லேப்டாப்?

அம்மா போனபோது சின்னவள் எடுத்த லீவில் அந்த ஒற்றை வீடு காலியானது. அந்த நேரம் பார்த்து மெஷின் வந்து குடியேறியிருக்கிறது. லீவு முடிந்து சின்னவள் வந்து லேப்டாப்பைத் திறந்திருப்பாள். இருப்பதோ ஒரே வீடு, அதிலும் ஆள். சர்வர் இடமில்லை என்று கையை விரித்திருக்கும். ஊருக்கெல்லாம் முகவரி கொடுக்கிற அக்கா, நாலு பேர் முன்னால் அப்படியொரு வார்த்தை சொன்ன கையோடு, தன் கதவையும் சாத்திவிட்டாள் என்றுதானே அவள் நினைத்திருப்பாள்? கண்ணாடிக் கதவுக்கு அப்பால் திரும்பிய முகம் அக்காவுக்கு இப்போது புரிந்தது. இன்று காலை தங்கையை வரவழைக்க அவள் செய்த காரியத்தை ஒரு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்திருக்கிறாள், தெரியாமலே.

அறையைப் பூட்டக்கூட இல்லை. பின்பக்கக் கட்டிடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், ஸ்கேன் அறை மேஜையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்னவளோடு வேலை பார்த்தவள், அக்காவுக்கு முகம் தெரிந்தவள்தான்.

"அவ எங்க?" என்றாள் அக்கா மூச்சிரைக்க.

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். "அவ போயிட்டாளே அக்கா. மழைக்காலத்துக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டா. வேற ஊர்ல, வேற ஆஸ்பத்திரியில சேந்துட்டா. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அக்கா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"அவ லேப்டாப்ல நெட் வந்துச்சா இங்க?"

"எங்க வந்துச்சு? லீவு முடிஞ்சு வந்த நாள்லேர்ந்து வரவே இல்ல. ஆனா தினமும் அதத் திறந்து பாப்பா. வந்ததும் மொத வேல அதுதான். 'இன்னைக்கும் இல்ல'ன்னுட்டு மூடி வச்சுடுவா. நான்கூடக் கேட்டேன், போய் அக்காகிட்டச் சொல்லேன், ஒரு நிமிஷ வேலதானேன்னு." அவள் தயங்கினாள்.

"என்ன சொன்னா? சொல்லு."

"'அது அவ கையில இருக்கு. அவளாத் திறந்து விடட்டும், அன்னிக்கு நானே போய்ப் பேசுறேன்'னா. கிளம்புற அன்னிக்குக்கூட ஒரு தடவ திறந்து பாத்துட்டுத்தான் பையில வச்சா அக்கா."

அக்கா நடைபாதைக்கு வந்தாள். ஸ்ட்ரெச்சர்கள் போய்க்கொண்டிருந்தன, ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அங்கேயே நின்று போனை எடுத்தாள். ரோஷம் எந்தப் பக்கம் போயிற்றென்றே தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று அவள் நினைத்தபோது எடுத்தார்கள்.

"நான்தான்" என்றாள் அக்கா.

"தெரியுது. அக்கான்னு வருது."

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நான் மூடல டி" என்றாள்.

"எத?"

"உன் லேப்டாப்ப. நான் ஒண்ணுமே பண்ணல. எடை பாக்கிற மெஷின் ஒண்ணு வந்து உன் இடத்துல உக்காந்துக்கிச்சு. அதே நம்பர் வரிசை. எனக்குத் தெரியவே தெரியாது. நீதான் வந்துட்டேன்னு நெனச்சு தினமும் அதையே பாத்துட்டு இருந்திருக்கேன்."

"எடை மெஷினயா?"

"ஆமா டி."

"இத்தன நாளும் எடை மெஷினப் பாத்துட்டா இருந்தே?" குரல் சிரிப்பின் விளிம்பு வரை வந்தது. சிரிப்பாக மாறவில்லை.

"அன்னிக்கு ஐசியு வாசல்ல நான் சொன்னேன்ல..."

"அத விடு."

"விட முடியல. தப்பு டி. நீ வீட்ல இருந்திருந்தாலும் அம்மா விழுந்திருப்பா. அது அப்பவே எனக்குத் தெரியும். யாரையாவது சொல்லணும்போல இருந்துச்சு, உன்னச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம், பின்னால் ஏதோ பெரிய மெஷின் சீராக இரைந்துகொண்டிருந்தது. யாரோ மேடம் என்று கூப்பிட்டார்கள்.

"ஸ்கேனுக்கு ஆள் படுத்திருக்காங்க" என்றாள் சின்னவள். "வைக்கிறேன்."

சொன்னாளே தவிர வைக்கவில்லை. மேஜைமேல் போனை அப்படியே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள் போலிருக்கிறது. ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு கொஞ்சம் தள்ளியிருந்து, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க, ஆடாம இருங்க" என்று யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்குத் தங்கை சொல்வது கேட்டது. அக்கா நடைபாதையில் வழியை மறித்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள்.